லோ பீமிலேயே ஹை பீம் காட்டி விளக்கு லேசாக எரிகிறது, இடது ஹெட்லைட் மங்கல்

கேள்வி, ஜூன் 4

மாரிஸ் மைனர் 1000, 1964 மாடல். 12 வோல்ட், டைனமோ, பழைய ஒயரிங். 45/40 வாட் பல்பு. இடது ஹெட்லைட் சிவந்து மங்கலாக எரிகிறது, வலது பரவாயில்லை. பல்புகளை இடம் மாற்றிப் போட்டேன், அப்போதும் இடது பக்கம்தான் மங்கல். இன்னொரு விஷயம், லோ பீமில் இருக்கும்போதே டேஷ்போர்டில் ஹை பீம் காட்டும் சின்ன விளக்கு மின்மினி மாதிரி தெரிகிறது. டிப் சுவிட்ச் உள்ளே ஷார்ட் ஆகிவிட்டது என்பது என் கணிப்பு. புதிது வாங்கிப் போட்டுவிடலாமா?

ஜூன் 4, இரவு 9.10

டிப் சுவிட்சாக இருக்க வாய்ப்பு அதிகம். கிளட்ச் பக்கத்தில் தரையில், காலால் அழுத்தி ஹை பீமையும் லோ பீமையும் மாற்றும் சுவிட்ச் அது. செருப்பில் வரும் தண்ணீர், மண், எல்லாம் அதன் தலையில்தான் விழுகிறது. என் பழைய காரில் ஒரு மழை இரவு, எதிரே லாரி வருகிறதே என்று காலால் அழுத்தினேன். ஹை பீம் போனது, லோ பீம் வரவில்லை. இரண்டு விளக்கும் இல்லாமல், பார்க்கிங் விளக்கு வெளிச்சத்தில், சாலையின் வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓரம் கட்டினேன். அன்றிலிருந்து அந்த சுவிட்சின் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. கழற்றிப் பாருங்கள், உள்ளே தகடு கருத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஜூன் 4, இரவு 10.45

படுக்கப் போன பிறகு ஒரு சந்தேகம். மேலே எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டிப் சுவிட்சுக்குள் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டால் ஹை பீம் ஒயருக்கு முழு மின்சாரமும் போகும். காட்டி விளக்கு பளிச்சென்று எரியும், வலது ஹெட்லைட்டில் இரண்டு இழையும் சேர்ந்து எரியும். நீங்கள் சொல்வது மின்மினி வெளிச்சம். அதாவது அந்த ஒயரில் இரண்டு மூன்று வோல்ட்தான் வருகிறது, 12 வரவில்லை. சுவிட்ச் ஷார்ட் ஆனால் இப்படி அரைகுறையாக வராது. வேறு எங்கிருந்தோ திரும்பி வருகிறது. இன்னும் எதுவும் வாங்க வேண்டாம்.

ஜூன் 5, காலை

காகிதத்தில் படம் போட்டுப் பார்த்தேன். இப்போது தெளிவாக இருக்கிறது.

பல்பில் இரண்டு இழைகள், லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று. மூன்று முனைகள். மூன்றாவது முனை இரண்டு இழைக்கும் பொதுவான எர்த், அதாவது கார் பாடி வழியாக பேட்டரியோடு சேரும் இணைப்பு. அந்த எர்த் அறுந்துவிட்டதாகவோ, துருவோ பெயின்ட்டோ தடுத்துவிட்டதாகவோ வைத்துக்கொள்ளுங்கள்.

லோ பீம் போடுகிறீர்கள். இடது பல்பின் லோ இழை வழியாக மின்சாரம் வந்து பொது முனையில் நிற்கிறது. எர்த்துக்குப் போக வழி இல்லை. திறந்திருக்கும் ஒரே வழி அதே பல்பின் ஹை இழைதான். அதன் வழியாகப் பின்னோக்கி ஓடி ஹை பீம் ஒயருக்கு வருகிறது. அந்த ஒயர் வலது ஹெட்லைட்டோடும் டேஷ்போர்டு காட்டி விளக்கோடும் சேர்ந்திருக்கிறது. வலது பல்பின் எர்த் நன்றாக இருப்பதால் அங்கே போய் இறங்கிவிடுகிறது. ஆக இடது லோ, இடது ஹை, வலது ஹை என்று மூன்று இழைகள் வரிசையாக நின்று ஒரே 12 வோல்ட்டைப் பங்கு போடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இடது பக்கம் சிவந்து எரிகிறது. காட்டி விளக்கு வலது ஹை இழைக்கு இணையாக இருப்பதால் அதற்கும் அந்தச் சொச்சம் கிடைத்து மின்மினியாகத் தெரிகிறது.

நீங்கள் சொன்ன இரண்டு அறிகுறிகளும் ஒரே பழுதில் அடங்கிவிடுகின்றன. இடது விளக்கின் எர்த்.

ஒரு சின்னச் சோதனை. இருட்டில் லோ பீம் போட்டு, வலது ஹெட்லைட்டை நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் ஒரு கறுப்புக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். அணைந்திருக்க வேண்டிய ஹை இழை மங்கிய சிவப்பாகத் தெரிந்தால் நான் சொல்வது சரி.

ஜூன் 5, மதியம்

ஒருவர் கீழே "முதலில் ஃபியூஸைப் பாருங்கள்" என்று எழுதியிருக்கிறார். இந்தக் காரில் ஹெட்லைட்டுக்கு ஃபியூஸ் இல்லை. பெட்டியில் இருப்பது இரண்டே ஃபியூஸ், இரண்டும் வேறு வேலைக்கு. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் ஹெட்லைட்டை வேண்டுமென்றே ஃபியூஸ் இல்லாமல் விட்டார்கள், ஓடும்போது இரண்டும் ஒரே நேரத்தில் அணையக்கூடாது என்று.

அதனால்தான் பேட்டரியைக் கழற்றாமல் அந்தப் பக்கம் ஸ்பேனர் வைக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பேட்டரி மின்சாரம் ஃபியூஸ் இல்லாமல் வரும் பழுப்பு ஒயர் பாடியில் பட்டால் அதைத் தடுக்க நடுவில் எதுவும் இல்லை. ஒயரே ஃபியூஸ் வேலையைப் பார்க்கும். ஒரு முறை என் கண் முன்னால் ஒயர் கட்டின் உள்ளிருந்து புகை கிளம்பி, பேட்டரி முனையைக் கழற்றி முடிப்பதற்குள் ஒரு முழம் நீளத்துக்கு உறை உருகிவிட்டது.

ஜூன் 6

அளப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

முக்கியமான விஷயம் ஒன்றுதான். விளக்கு எரியும்போது அளக்க வேண்டும். பல்பைக் கழற்றிவிட்டு சாக்கெட்டில் மீட்டர் வைத்தால் எல்லா இடத்திலும் 12 காட்டும். டிஜிட்டல் மீட்டர் உறிஞ்சும் மின்சாரம் அவ்வளவு சொற்பம். ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒயரும் அதற்கு நல்ல ஒயர்தான். மூன்றரை ஆம்பியர் ஓடும்போதுதான் அந்த ஒயரின் வண்டவாளம் தெரியும்.

லோ பீம் போடுங்கள். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி மைனஸிலும், சிவப்பு முனையை இடது பல்பின் எர்த் முனையிலும் வையுங்கள். நல்ல எர்த் என்றால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும். 0.2 வோல்ட்டுக்கு மேல் போனால் சரியில்லை.

ஜூன் 6, சற்று நேரம் கழித்து

தவறு எழுதிவிட்டேன், திருத்துகிறேன். உங்கள் கார் பாசிட்டிவ் எர்த். பாடியோடு சேர்ந்திருப்பது பேட்டரியின் பிளஸ். ஆகவே மேலே "பேட்டரி மைனஸ்" என்று எழுதிய இடத்தில் "பிளஸ்" என்று படியுங்கள். மீட்டரில் கழித்தல் குறியோடு எண் வரும், பயப்பட வேண்டாம்.

புதியவர்கள் எல்லோரும் இதில்தான் தடுமாறுகிறார்கள். இந்த ஒயரிங்கில் கறுப்பு ஒயர் எர்த். அது போய்ச் சேர்வது பேட்டரியின் பிளஸ். சிவப்பு ஒயர் பார்க்கிங், டெயில் விளக்குகளுக்கு உரியது. சிவப்பு என்றால் பிளஸ் என்ற பழக்கத்தோடு கை வைத்தால் தலைகீழாகிவிடும்.

ஜூன் 7, காலை

டிப் சுவிட்சை ஏற்கெனவே வாங்கி மாட்டிவிட்டீர்கள், எந்த மாற்றமும் இல்லை. என் முதல் பதிலைப் படித்துவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறீர்கள். ஒன்றரை மணி நேரத்தில் மாற்றிச் சொன்னேன், ஆனால் அதற்குள் முடிந்துவிட்டது. வருத்தமாக இருக்கிறது. அளக்காமல் ஒரு பாகத்தின் பெயரைச் சொன்னது என் தவறு. பழைய சுவிட்சைத் தூக்கிப் போடாதீர்கள், அதைப் பற்றிப் பிறகு பேசலாம்.

ஜூன் 7, மாலை

6.9 வோல்ட்!

எர்த் முனையில் 6.9 என்றால் அது எர்த்தே இல்லை. பல்புக்கு வருவது 11.2, அதில் 6.9 எர்த் பக்கத்திலேயே தங்கிவிடுகிறது. லோ இழைக்கு மிச்சம் 4.3 வோல்ட். சிவந்து எரியாமல் என்ன செய்யும்? ஹை பீம் ஒயரில் 3.4 இருந்தது என்கிறீர்கள், அதுவும் கணக்கோடு பொருந்துகிறது. வலது பக்க எர்த்தில் 0.1. நல்லது.

இப்போது ஒரு ஒயர் துண்டை எடுத்து, இடது பல்பின் எர்த் முனையையும் பேட்டரி பிளஸையும் நேராக இணைத்துப் பாருங்கள். விளக்கு பளிச்சென்று வந்து, காட்டி விளக்கு அணைந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

ஜூன் 7, இரவு

வந்துவிட்டது. அணைந்துவிட்டது. சரி.

ஆனால் அதே பதிலின் கடைசி வரியில், போகிற போக்கில், "இரண்டு மாதம் முன்பு இடது மட்கார்டைக் கழற்றி பெயின்ட் அடித்தோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கடைசியாக எப்போது ஒழுங்காக எரிந்தது, அதற்குப் பிறகு யார் எதைத் தொட்டார்கள்? இந்த இரண்டு கேள்விக்குப் பதில் கிடைத்திருந்தால் மூன்று நாளும் ஒரு சுவிட்சும் மிச்சம்.

இந்தக் காரில் முன் மட்கார்டு தனித் துண்டு, போல்ட்டால் பாடியோடு முடுக்கியிருக்கும். உங்கள் விளக்கின் எர்த் ஒயர் மட்கார்டின் உள்பக்கத்து ஸ்க்ரூவில் முடிகிறது. மின்சாரம் அந்தத் தகட்டிலிருந்து போல்ட்டு வழியாகத்தான் பாடிக்குப் போக வேண்டும். பெயின்ட் அடித்தவர் வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறார். தகட்டின் விளிம்பு, போல்ட்டுத் துளை, ஸ்க்ரூ உட்காரும் இடம் எல்லாவற்றிலும் பிரைமரும் பெயின்ட்டும் போட்டிருக்கிறார். துரு பிடிக்காமல் இருக்க அதுதான் சரி. விளக்குக்கு மட்டும் அது சுவர் எழுப்பிய மாதிரி ஆகிவிட்டது. அவர் மேல் குற்றம் இல்லை.

ஜூன் 9

பெயின்ட்டைச் சுரண்டி அதே இடத்தில் மாட்டிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எரியும். ஆனால் சுரண்டிய இடத்தில் அடுத்த மழைக்குத் துரு வரும், அடுத்த வருடம் இதே கேள்வியை மறுபடியும் எழுதுவீர்கள். நான் செய்வது வேறு.

மட்கார்டை நம்பாமல், பல்பின் எர்த் முனையிலிருந்து 2 சதுர மில்லிமீட்டர் கறுப்பு ஒயர் ஒன்றைத் தனியாக இழுத்து, உள்ளே அசையாத பாடித் தகட்டில் முடிப்பேன். இரண்டு பக்க விளக்குக்கும் தனித்தனியாக. முடியும் இடத்தில் ஒரு நாணய அளவுக்கு மட்டும் பளபளக்கும் வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வளைய முனையை ஒயரில் நன்றாக நசுக்கி, பல் வாஷர் வைத்து முடுக்க வேண்டும். பல் வாஷர் தகட்டைக் கொத்திப் பிடிக்கும், வெறும் தட்டை வாஷர் போதாது. முடுக்கிய பிறகு மேலே வாசலைன் அல்லது கிரீஸ் பூசுங்கள், தண்ணீர் இறங்காது. கிரீஸை முதலில் பூசிவிட்டு முடுக்குபவர்களும் உண்டு, நானும் அப்படிச் செய்ததுண்டு, கெட்டுப்போகவில்லை. ஆனால் இறுக முடுக்கிய பிறகு மேலே மூடுவது எனக்கு மனநிறைவாக இருக்கிறது.

ஜூன் 10

எர்த் முனையில் இப்போது 0.05 வோல்ட். இதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை.

ஜூன் 12

"இரண்டும் ஒரே மாதிரி எரிகிறது, ஆனால் இரண்டுமே மஞ்சள்" என்கிறீர்கள். எனக்கு இதுதான் இந்த விவகாரத்தின் சுவையான பகுதி. இடது பக்கம் மோசமாக இருந்தவரை வலது பக்கம் நல்லதாகத் தெரிந்தது. ஒப்பிட ஆள் இல்லாமல் போனதும் அதன் குறையும் வெளியே வந்துவிட்டது.

ஹை பீம் போட்டு, எரியும்போது, பேட்டரி முனைகளில் ஒரு அளவு, பல்பு முனைகளில் ஒரு அளவு எடுங்கள். இன்ஜின் அணைந்திருக்கட்டும், டைனமோ நடுவில் வந்து குழப்ப வேண்டாம்.

ஜூன் 13

பேட்டரியில் 12.3, பல்பில் 10.3. வழியில் 2 வோல்ட் காணாமல் போகிறது.

இரண்டுதானே என்று தோன்றும். இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை. ஏறக்குறைய 3.4 அடுக்கில் விழும். பத்து சதம் வோல்ட்டேஜ் போனால் முப்பது சதம் வெளிச்சம் போய்விடும். உங்கள் கணக்கில் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சுகிறது. பல்பில் கோளாறு இல்லை, புதுப் பல்பு போட்டாலும் இதே மஞ்சள்தான்.

இனி மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒரே பாதையில் நகர்த்திக்கொண்டே வர வேண்டும். சுவிட்சுக்கு உள்ளே போகும் முனையில் ஒன்று, வெளியே வரும் முனையில் ஒன்று. இடையில் எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவையும் அந்த சுவிட்ச் தின்கிறது.

பாதை இதுதான். பிரிட்டிஷ் கார்களுக்கு மின்பாகங்கள் செய்த லூகாஸ் கம்பெனியின் நிறக் குறியீடு என்பதால் மனப்பாடமாகச் சொல்லலாம். டைனமோவின் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோல் பாக்ஸிலிருந்து நீலக் கோடு போட்ட பழுப்பு ஒயர் லைட் சுவிட்சுக்கு வரும். அங்கிருந்து வெறும் நீலம் டிப் சுவிட்சுக்குப் போகும். டிப் சுவிட்சிலிருந்து வெள்ளைக் கோடு போட்ட நீலம் ஹை பீமுக்கு, சிவப்புக் கோடு போட்ட நீலம் லோ பீமுக்கு. நீலம் என்றாலே ஹெட்லைட். அறுபது வருட அழுக்கில் கோட்டின் நிறம் தெரியாது. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் சில இடங்களில் உயிர் வரும். இல்லையென்றால் ஒயர் கட்டுக்குள் ஒளிந்திருக்கும் பகுதியைச் சற்றே விலக்கிப் பாருங்கள், வெயில் படாத இடத்தில் நிறம் அப்படியே இருக்கும்.

ஜூன் 15

உங்கள் அளவுகள்: புது டிப் சுவிட்சில் 0.7, லைட் சுவிட்சில் 0.5, முன்பக்க புல்லட் கனெக்டர்களில் (ஒயர் முனையைக் குழலில் செருகும் இணைப்புகள்) 0.5, ஒயர் நீளத்தில் 0.25, எர்த்தில் 0.05. கூட்டினால் சரியாக 2.

புது சுவிட்ச் 0.7 தின்கிறது! ஹை பீமில் ஓடுவது ஏழு ஆம்பியர் என்று வைத்தால் 5 வாட். ஒரு பார்க்கிங் பல்பின் சூடு அந்தச் சின்ன டப்பாவுக்குள் எரிந்துகொண்டிருக்கிறது. ஐந்து நிமிடம் எரியவிட்டுத் தொட்டுப் பாருங்கள், கையில் தெரியும்.

பழைய சுவிட்சை வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அதைத் திறந்து தகடுகளை மிக மெல்லிய உப்புத்தாளால் மெதுவாகத் துடைத்து, சுருள்வில் நன்றாக அழுத்துகிறதா என்று பார்த்து மாட்டிப் பாருங்கள். அக்காலத்துச் சுவிட்சில் தகடு கனமாக இருக்கும். என் அனுபவத்தில் சுத்தம் செய்த பழையது பல முறை புதியதைத் தோற்கடித்திருக்கிறது.

புல்லட் கனெக்டர் பற்றி ஒரு வார்த்தை. வெளியே ரப்பர் உறை கறுப்பாக நல்லபடியே இருக்கும். இழுத்துப் பார்த்தால் உள்ளே பச்சைக் களிம்பு. புல்லட்டைத் தேய்த்துவிடலாம். ஆனால் அது நுழையும் குழல் விரிந்து, பிடி தளர்ந்திருந்தால் குழலை மாற்றுங்கள், விலை உயர்ந்த பொருள் அல்ல. ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிரித்துவிட்டு நிறம் தெரியாத ஆறு ஒயர்களோடு உட்கார்ந்திருக்கும் நிலைமை வேண்டாம்.

ஜூன் 19

பழைய டிப் சுவிட்ச் 0.2. லைட் சுவிட்ச் 0.2. கனெக்டர்கள் 0.1. பல்பில் இப்போது 11.5. எதையும் புதிதாக வாங்காமல் வெளிச்சம் பாதியிலிருந்து எண்பது சதத்துக்கு வந்திருக்கிறது. படத்தில் சுவரில் விழும் வெளிச்சம் வெள்ளையாகத் தெரிகிறது. பார்க்கவே மகிழ்ச்சியாக இருந்தது.

ஜூன் 21

ரிலே போடலாமா என்ற கேள்வி எதிர்பார்த்ததுதான். சிறு மின்சாரத்தால் இயங்கிப் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச் அது. பல வருடம் நான் ரிலேக்கு எதிராகப் பேசியவன். கார் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அந்த மழை இரவுக்குப் பிறகு மாறிவிட்டேன். கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பும்படி செய்ய முடிந்தால் தவறில்லை.

ஹை பீமுக்கு ஒன்று, லோ பீமுக்கு ஒன்று என இரண்டு ரிலே. ரிலேயில் முனைகளுக்கு எண் உண்டு. 30 என்ற முனைக்கு ஸ்டார்ட்டர் சொலனாய்டின் (ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) பேட்டரி பக்கத்திலிருந்து கனமான ஒயர். 87லிருந்து பல்புக்கு. பழைய நீல ஒயரின் புல்லட்டை பல்புப் பக்கத்திலிருந்து எடுத்து 85ல் கொடுங்கள், 86 எர்த்துக்கு. பழைய ஒயர் எதையும் வெட்டத் தேவையில்லை. இனி உங்கள் சுவிட்சுகள் சுமப்பது ஏழு ஆம்பியர் அல்ல, ரிலே சுருளின் கால் ஆம்பியருக்கும் குறைவான மின்சாரம். டிப் சுவிட்ச் இன்னும் பல வருடம் உழைக்கும்.

ஃபியூஸ் கட்டாயம். ஆனால் நான்கு இழைக்கும் நான்கு ஃபியூஸ். எல்லாவற்றுக்கும் ஒன்றே போட்டால், ஒரு நாள் அது போகும்போது இரண்டு கண்ணும் ஒன்றாக மூடும்.

பாசிட்டிவ் எர்த் காரர்கள் ரிலே வாங்கும்போது உள்ளே டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) இல்லாததாகக் கேளுங்கள். டயோடு உள்ளதைத் தலைகீழாக இணைத்தால் அது நேரடி ஷார்ட்.

ரிலே வந்துவிட்டது என்று 100 வாட் பல்புக்குத் தாவ வேண்டாம். இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 17 ஆம்பியர். உங்கள் டைனமோ முழு வேகத்தில் கொடுப்பதே 22. வைப்பர், இக்னிஷன் எல்லாம் மிச்சத்தில் பிழைக்க வேண்டும், சிக்னலில் நிற்கும்போது டைனமோ ஒன்றும் தராது.

ஜூலை 2

ரிலேக்குப் பிறகு பல்பில் 12. எதிரே வருகிறவர்கள் விளக்கை அடித்துக் காட்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மங்கலாக இருந்தபோது யாருக்கும் தெரியாத கோணம் இப்போது தெரிகிறது. மட்கார்டு கழற்றி மாட்டியபோதே இடது விளக்கின் பார்வை மாறியிருக்கும். சமதரையில் சுவருக்கு எதிரே நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, வழக்கமாக உட்காரும் ஆளை உட்காரவைத்து, லோ பீமின் மேல் விளிம்பு விளக்கின் மையத்தை விடத் தாழ்ந்து விழும்படி ஸ்க்ரூவைத் திருப்புங்கள். ஒரு விளக்கைத் துணியால் மூடிக்கொண்டு மற்றதைச் சரிசெய்தால் எளிது.

செப்டம்பர் 18

இன்னொருவர் கேட்டிருக்கிறார்: பிரேக் மிதித்தால் வலது டெயில் விளக்கு மங்குகிறது, அதே பக்க இன்டிகேட்டர் லேசாகச் சிவக்கிறது, பிரேக் சுவிட்ச் மாற்றலாமா என்று.

ஜூன் 5 குறிப்பைப் படியுங்கள், ஹெட்லைட் என்ற இடத்தில் டெயில் விளக்கை வைத்து. பிறகு பிரேக் பெடலை ஒருவரை மிதித்துக்கொண்டிருக்கச் சொல்லி, விளக்கின் எர்த் முனைக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே அளந்து எண்ணை இங்கே எழுதுங்கள். அந்த விளக்கை அண்மையில் யாராவது கழற்றி மாட்டினார்களா என்பதையும் சேர்த்து.